போர்த்திய நாற்றங்கால்

என் மனைவி நூர்ஜானின் துணிமணிகளை நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் கொடுத்துவிட்டோம். ரஜாய்ப் போர்வைகளை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தவை. ஒன்று ரோஜா நிறச் சாட்டின், இன்னொன்று பச்சை. உள்ளே ஆட்டு மயிர் அடைத்தது. "சின்ன வயசுல போனவளோட ரஜாய், எங்க வீட்டுல வேணாம்மா" என்று சொல்லி, என் மாமியாரின் கன்னத்தில் முத்தமிட்டு, பெண்கள் வெறுங்கையோடு போனார்கள்.

பிப்ரவரியில் அந்த ரஜாய்கள் மிளகாய் நாற்றங்காலுக்குப் போயின.

நான் வீட்டோட மாப்பிள்ளை. உர்ஃபா பக்கத்தில் இதைவிடச் சிரிப்புக்குரிய பிழைப்பு கிடையாது. வேதியியல் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தேன். நூர்ஜானின் அப்பா இறந்துவிட்டார். அண்ணன் பக்கிர் டவுனில் டயர் கடை வைத்திருந்தான். அம்மா ஹத்தூன் கிராமத்தை விட்டு நகரமாட்டேன் என்றார். ஆகவே பெண் என் வீட்டுக்கு வருவதற்குப் பதில் நான் பெண் வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து நிலத்து ஹலஃபுக்கு இதில் தினமும் ஒரு வேடிக்கை கிடைத்தது.

"என்ன மாப்ளே, இன்னிக்கு உன்னை வெளிய விட்டாங்களா?"

சுவருக்கு உள்ளேயிருந்து நூர்ஜான் பதில் சொல்வாள். "உங்களை உள்ளயே விடறதில்லையாமே, ஹலஃப் அண்ணே. அண்ணி சொன்னாங்க."

அக்டோபரில், காய்ந்த மிளகாயை மூட்டை கட்டும்போது, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. உர்ஃபா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை என்றால் பெண் இருக்க வேண்டும்.

ஜனவரியில் பக்கிர் வந்தான். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கால்களைச் சூடுபடுத்திக்கொண்டான். எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மச்சான், தப்பா எடுத்துக்காதே."

"எடுத்துக்கலை."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"சொல்லு."

"பருத்திக்காரன் ரெண்டு வருஷமா நிலத்தைக் கேக்கறான். நூர்ஜான் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கலை. திறந்தா அடிப்பா. இப்ப யாரு மிளகாய் போடறது? நீயா? உனக்கு முடியுமா?"

"நாத்து விடறது தெரியும். அவகூட ரெண்டு வருஷம் செஞ்சிருக்கேன்."

"அப்ப நாத்தை நிக்க வெச்சுக் காட்டு. ஏப்ரல்ல வந்து பாக்கறேன். நாத்து நின்னா மிளகாய். நீ இங்கயே இரு. எவனாவது ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன். நிக்கலைன்னா நிலம் பருத்திக்குப் போகும். அம்மா என்கூட வரணும். நீ சிவெரெக்குக்கு, உங்க அண்ணன் வீட்டுக்கு."

"கடையில நாத்து வாங்கலாமே."

"கடை நாத்துல எங்க வீட்டு மிளகாய் வராது. வேற மிளகாய் போடறதுக்குப் பருத்தியே போடலாம்."

ஹத்தூன் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அதிலிருந்து மேடு தெரியும். ஊரின் கபர்கள் எல்லாம் அந்த மேட்டில்தான். நூர்ஜானை அடக்கிய புதிய கபரை இங்கிருந்தே அடையாளம் காணலாம், அதில் இன்னும் புல் இல்லை.

அவருக்கு டவுன் வேண்டாம். எனக்கு சிவெரெக் வேண்டாம். இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நாற்றங்கால் குழி தோண்டினேன். கீழே பச்சைக் குதிரைச் சாணம், மிதித்து இறுக்கியது. மேலே சலித்த மண். ஆகஸ்டில் நூர்ஜான் பிரித்து வைத்த விதை தயிர் டப்பாவில் இருந்தது. ஊறவைத்துத் தூவினேன். மேலே வளைகம்பி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள். இரண்டு நாளில் சாணம் வேகத் தொடங்கியது. மண்ணில் கை வைத்தால் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒரு முறை இருந்தது. முளைக்கும்வரை சூடு. முளைத்தவுடன் எல்லாமே தலைகீழ். இரவில் போர்த்திய பாயைப் பகலில் எடுத்துவிடுவாள். பிளாஸ்டிக்கின் இரண்டு வாயையும் திறந்துவிடுவாள். நெருக்கமாக வந்ததை இரக்கமில்லாமல் பிடுங்குவாள். தண்ணீரைக் குறைப்பாள். போகும்போதும் வரும்போதும் நாற்றின் தலைகளைச் சட்டைக் கையால் தடவிவிட்டுப் போவாள். "ஆடட்டும். ஆடினாத்தான் தண்டு தடிக்கும்" என்பாள்.

"முளைக்கிற வரைக்கும் அம்மாவா இருக்கணும் நெதீம். முளைச்சதும் மாமியாரா மாறிடணும்."

"யாரைச் சொல்றே? உன் மாமியாரையா, அவனோட மாமியாரையா?" என்று ஹத்தூன் உள்ளேயிருந்து கேட்பார். சிரிப்பார்.

இந்த வருஷம் விதைத்த அன்று மாலை நான் கோரைப் பாய்களை எடுத்து வந்தேன். ஹத்தூன் பின்னாலேயே வந்தார். இரண்டு தோளிலும் இரண்டு ரஜாய்.

"பாய் போதும்மா. வழக்கமா பாய்தானே."

"பாய் என்னத்தச் சூடு குடுக்கும்."

"அழுக்காயிடும்."

"ஆகட்டும். யாரு போர்த்தப் போறா?"

விரித்தார். ஓரங்களைச் சுற்றிலும் உள்ளே செருகினார். படுக்கப் போகும் குழந்தைக்குச் செய்வதுபோல.

முளை வந்தது. கழுத்து வளைந்து வெள்ளையாக எழுந்தது. காலையில் ரஜாய்களை எடுத்துச் சுவர் மேல் போட்டேன். வாய்க்காலைப் பார்த்துவிட்டு மதியம் வந்தால் அவை மறுபடி நாற்றங்காலின் மேல் இருந்தன.

"அம்மா, வெயில் அடிக்குது."

"எங்க அடிக்குது? காத்தைப் பாரு. என் எலும்புக்குத் தெரியும்."

"அதுக்கு வெளிச்சம் வேணும். இருட்டுல சூடா வெச்சா வெளிச்சத்தைத் தேடி ஓடும். தண்டு நூலாயிடும்."

"வெளிச்சம் எங்கயும் போயிடாது. கிழவிக் குளிர் போகட்டும், எடுத்துக்கலாம்."

மார்ச் நடுவில் வரும் கடைசிக் குளிரை எங்கள் பக்கம் கிழவிக் குளிர் என்பார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

மறுநாளும் எடுத்தேன். மறுநாளும் போர்த்தினார். ஹலஃப் சுவர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"ஹத்தூன் அக்கா, நாத்துக்குச் சாட்டின் ரஜாயா? எனக்கே ராணுவக் கம்பளிதான். விடிஞ்சா டீயும் உண்டா அதுங்களுக்கு?"

"உன் வாயில மண்ணு விழ."

"சக்கரை எத்தனை, அதையாவது சொல்லுங்க."

ஹத்தூன் உள்ளே போனதும் ஹலஃப் குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ளே, அதை எடு. நான் பருத்தி போடறவன், எனக்கே தெரியுது."

"எடுக்கறேன்."

"எடுத்துட்டு ஒளிச்சு வை."

அடுத்த நாள் காலை அதைத்தான் செய்தேன். ரஜாய்களை மடித்து உள்ளறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். வானம் சுத்தமாக இருந்தது. பிளாஸ்டிக்கின் உட்புறம் வியர்த்து வெளிச்சத்தில் மின்னியது. நாற்றுகள் ஏற்கெனவே ஒரு விரல் நீளத்துக்கு வந்திருந்தன. இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று நினைத்தேன்.

ஹத்தூன் வெளியே வந்தார். பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக்கைத் தூக்கி, உள்ளே கையை நுழைத்து மண்ணில் வைத்தார்.

"சில்லுன்னு இருக்குடா."

"மேல மட்டும்தாம்மா. கீழ சாணம் இருக்கு."

"நீ கை வெச்சுப் பாரு. நவம்பர்ல மழை பேஞ்சுதே, ரெண்டு நாள். உனக்குத் தூக்கம் வந்துச்சா? எனக்கு வரலை. ஒரே ஒரு வெள்ளைத் துணி மகனே. அதைத்தானே சுத்தி வெச்சாங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதுங்களாவது மேல வந்திருக்கு" என்றார். "வந்ததைக் குளிர்ல விடச் சொல்றியா?"

சொல்வதற்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. வெளிச்சம், வெப்பம், தண்டு, எல்லாம். உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். ரஜாய்களை எடுத்து வந்தேன். நானே போர்த்தினேன். ஓரங்களைச் செருகினேன். ரோஜா நிற ரஜாயில் இன்னும் அவள் தலை எண்ணெய் வாசனை இருந்தது. சாணத்தின் வாசனைக்கு நடுவிலும் அது தெரிந்தது.

அதன் பிறகு நான் எடுக்கவில்லை. மதியத்தில் சிறிது நேரம் ஒரு மூலையை மட்டும் மடித்துவிடுவேன். அதை அவர் பார்க்காததுபோல் இருந்தார். அது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒரு மூலை வெளிச்சம்.

நெருக்கத்தைக் குறைக்கவும் விடவில்லை. நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கக் குனிந்தால், "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததைப் பிடுங்குவியா?" என்றார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

நாற்றுகள் வளர்ந்தன. அப்படி ஒரு வளர்ச்சியை அந்தக் குழி கண்டதில்லை. ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு, வெள்ளையும் மஞ்சளுமாக, அந்த ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்து ஓடின. இரண்டு விதையிலை, அதற்குக் கீழே ஒரு ஜாண் வெறும் தண்டு. தையல் நூல் போல.

ஹத்தூன் மாலையில் ரஜாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். அக்டோபருக்குப் பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"நெதீம், இங்க வா. உயரத்தைப் பாரு."

"பாத்தேம்மா."

"நூர்ஜான் போட்டது இந்த உயரம் வந்திருக்கா? சொல்லு."

"வந்ததில்லை."

"அவகிட்ட சொன்னா நம்பமாட்டா."

அன்று இரவு உணவுக்குப் புல்கூர் என்னும் உடைத்த கோதுமையைப் பொங்கி, மேலே மிளகாய்ப் பொடி தாராளமாகத் தூவியிருந்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் காரம் இல்லை. இரண்டு பேரும் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம்.

கிழவிக் குளிர் வந்தது. மூன்று காலை மெல்லிய பனி, ஒரு நாள் காற்று. போய்விட்டது. "இந்த வருஷம் கிழவி எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா. என் மாமியாரா இருந்தா ஒரு மாசம் தங்கியிருப்பா" என்றான் ஹலஃப்.

ஹத்தூன் தம் வாக்கைக் காப்பாற்றினார். தாமே ரஜாய்களை எடுத்து உதறினார். பிளாஸ்டிக்கை நான் சுருட்டினேன். காலை வெயில் நேராக விழுந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் நின்றன. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன என்பதுதான் சரி. பிறகு சமவெளியிலிருந்து சிறிய காற்று வந்தது. பெரிய காற்றில்லை, துணியைக்கூட ஆட்டாது. நாற்றங்கால் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்தது. யாரோ ஈரத் தலையை வாரிவிட்டதுபோல.

"தண்ணி ஊத்து" என்றார் ஹத்தூன்.

"தண்ணி பிரச்சினை இல்லம்மா."

"ஊத்து. ஊத்தினா எழுந்திரிக்கும்."

ஊற்றினேன். எழவில்லை.

நெட்டையாகிவிட்ட நாற்றுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. தண்டைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, இலை மட்டும் தெரிய நட வேண்டும். தக்காளியாக இருந்தால் புதைத்த தண்டெல்லாம் வேர் விடும். மிளகாய் அந்த அளவுக்குத் தயவு காட்டாது. சிலது பிழைக்கும், சிலது அழுகும். ஏப்ரல் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியும் இல்லை.

ஹலஃப் ஒரு மூட்டை பிளாஸ்டிக் கப் கொண்டு வந்தான். "என் தங்கச்சி பையன் கல்யாணத்துல மிஞ்சினது. மோர் வாசனை வந்தா மன்னிச்சிடுங்க."

மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். ஹலஃப் மண் நிரப்பினான். நான் நாற்றைப் பிரித்தெடுத்தேன். பிரிக்கும்போதே பாதி முறிந்தது. ஹத்தூன் நட வேண்டியவர். முதல் கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் அதுவரை கேட்காததை இப்போது கேட்டார்.

"கழுத்து வரைக்குமா?"

"ஆமாம்மா. இலை மட்டும் வெளிய."

"அழுத்தணுமா?"

"கொஞ்சம். சாயாம இருக்க."

இரண்டு விரலால் சுற்றி மண்ணை அழுத்தினார். அந்த விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு அவர் அடுத்த கப்பைக் கேட்டார். பொழுது சாயும்வரை நட்டார். தொழுகைக்கு மட்டும் எழுந்தார். முடிவில் கை கழுவும்போது சொன்னார்.

"ரொம்ப நாள் மூடிட்டேனோ."

"குளிர் இருந்துச்சும்மா" என்றேன்.

சில நாள் நின்றன. நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கினேன். போகும்போதும் வரும்போதும் சட்டைக் கையால் தலைகளைத் தடவினேன். நான்கு இலை விட்டவைகூட இருந்தன. ஹத்தூன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, கோழிகளை விரட்டினார். பிறகு மழை வந்தது. இரண்டு நாள். கப்புகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தினோம், ஆனால் மண் குடித்துவிட்டிருந்தது. மழை விட்ட காலை, மண் தொடும் இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு கருப்பு வளையம். தொட்டால் தலை மட்டும் கையோடு வந்தது. வேர் உள்ளேயே இருந்தது.

பிழைத்தவை ஒரு டீத் தட்டில் அடங்கின. அவற்றை வைத்து ஒரு பாத்திகூடப் போட முடியாது.

பக்கிர் வந்தபோது கப்புகள் சுவரோரம் அப்படியே இருந்தன. குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்தான். கருத்த தண்டைப் பார்த்தான். வெற்று நாற்றங்காலைப் பார்த்தான். ரஜாய்கள் சுவர் மேல் காய்ந்துகொண்டிருந்தன. ரோஜா நிறம் ஒரு பக்கம் வெளுத்திருந்தது.

"இது நூர்ஜானோடது இல்ல?"

"ஆமா."

"இது எதுக்கு இங்க?"

"போர்த்தினது."

"பகல்லயுமா?"

"பகல்லயும்."

"யாரு?"

ஹத்தூன் டீத் தட்டோடு வாசலில் நின்றார். ஹலஃப் சுவருக்கு அப்பால் நின்றான். வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"நான்தான்" என்றேன்.

"மச்சான், நீ படிச்சவன். அவகூட ரெண்டு வருஷம் செஞ்சிருக்கேன்னு நீயே சொன்னே."

"சொன்னேன்."

"வேற ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லு. பனி, எலி, ஏதாவது. கையில இல்லாத விஷயம்னா அடுத்த வருஷம் பாப்போம்னு நான் பேசுவேன். பருத்திக்காரனை நிறுத்தி வைப்பேன்."

அவன் உண்மையாகத்தான் கேட்டான். ஒரு வார்த்தை போதும். அம்மாதான் என்றால் அவன் அவரைத் திட்டமாட்டான். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு அம்மாவின் நிலைமையைச் சொல்லி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று, இன்றே காரில் ஏற்றிக்கொண்டு போவான். நான் இங்கே இருப்பேன், அவர் இருக்கமாட்டார். அல்லது இருவருமே இருப்போம், நாற்றைக் கொன்றவர் என்ற பெயரோடு அவர் இருப்பார். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டிலும் எனக்கு விருப்பம் எழவில்லை.

"ஒண்ணும் இல்ல. நான் எடுக்கலை, அவ்வளவுதான்."

பக்கிர் கப்பைக் கீழே வைத்தான்.

"சரி" என்றான்.

"டீ ஆறுது" என்றார் ஹத்தூன்.

குடித்தோம். பருத்திக்காரனின் டிராக்டர் அடுத்த வாரம் வந்தது. டிராக்டர் சுவரோரம் திரும்ப வசதியாக நாற்றங்கால் குழியை நானே மூடிக்கொடுத்தேன். சாணம் ஆறி, சாதாரண மண் ஆகியிருந்தது.

ஹத்தூன் டவுனுக்குப் போகும் நாளும் நான் சிவெரெக் போகும் நாளும் ஒன்றாக அமைந்தது. பக்கிர் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினான். அவர் காலையில் மேட்டுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பில் சேறு. கூட வரவா என்று நான் கேட்கவில்லை, நான் முந்தின நாளே போய் வந்திருந்தேன்.

பச்சை ரஜாயை அவர் எடுத்துக்கொண்டார். ரோஜா நிறத்தை மடித்து, காயும் மிளகாயை இரவில் மூடி வேர்க்கவைக்கும் கருப்புப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, கயிறு கட்டி என்னிடம் கொடுத்தார்.

"சிவெரெக் மேட்டு ஊரு. அங்க குளிரும்."

"இப்ப கோடை வருதும்மா."

"இருந்தாலும் குளிரும்."

ஹலஃப் சாலைவரை பையைத் தூக்கி வந்தான். மினிபஸ் தூரத்தில் தெரிந்தபோது, "மாப்ளேன்னு இனி யாரைக் கூப்பிடறது" என்று மட்டும் சொன்னான்.

பக்கிரின் வண்டி எங்களைக் கடக்கும்போது நின்றது. ஹத்தூன் கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். மகன் காதில் விழாத அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"ராத்திரி போர்த்திக்கோ. பகல்ல எடுத்துடு."

"சரிம்மா" என்றேன்.

இப்போது ஜூன். சிவெரெக்கில் பகல் ஏறியும் நான் ரஜாயை எடுக்கவில்லை. அண்ணி இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டாள். "கொழுந்தனாரே, மணி என்ன ஆச்சு, இந்த வெயில்ல எதுக்கு ரஜாய்?"